கத்திரிக்கு வந்த ஈ

செடியைத் தொட்டதும் ஈக்கள் எழுந்தன. அடுப்புச் சாம்பலை ஊதிவிட்டதுபோல் இலைகளின் அடியிலிருந்து கிளம்பி, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, மறுபடியும் அதே கத்திரிச் செடியில் இறங்கின. உண்ணாமலை ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பொட்டு. கீழ் இலைகளின் மேற்புறத்தில் பாகுபோல் பிசுபிசுப்பு. அதன்மேல் கரிபோல் பூசணம் படிந்திருந்தது. பிஞ்சுகள் விரல் நீளத்தைத் தாண்டாமல் கறுத்துத் தொங்கின.

மூன்று தடவை மருந்தடித்தாயிற்று. கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு டப்பாவைக் கொடுத்தார். அடித்த அன்றைக்கு ஈ குறைந்த மாதிரி இருக்கும். அடுத்த வாரம் முன்பைவிடக் கூடுதலாக மொய்க்கும்.

அவள் நிமிர்ந்து வரப்புக்குக் கிழக்கே பார்த்தாள். அது அவளுடைய ஓரகத்தி பரிமளாவின் வெண்டைக் காடு. ஆடிக் காற்றில் இலைகள் தளதளவென்று ஆடின. ஓர் இலையில்கூட மஞ்சள் இல்லை. இத்தனைக்கும் பரிமளா இந்த வருஷம் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டியதையே உண்ணாமலை பார்க்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தரம் அவள் காய் பறித்து பெரம்பலூர் சந்தைக்கு அனுப்பினாள். ஒவ்வொரு பறிப்பிலும் ஒரு பை வெண்டைக்காய் உண்ணாமலை வீட்டு வாசலுக்கு வந்துவிடும். "கொழம்புக்கு வெச்சுக்குங்கக்கா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவாள்.

வேப்பந்தட்டைக்கு மேற்கே, பச்சைமலை தெரியும் தூரத்தில் அந்த நிலம் இருந்தது. மாமனார் இறந்தபின் அண்ணன் தம்பி இருவருக்கும் ஆளுக்குப் பாதியாகப் பிரிந்தது. கிணறு மட்டும் பொது. அண்ணன் தர்மன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். தம்பி மணிவண்ணன் போன வருஷம் வெண்டை முழுவதும் மஞ்சள் நோயில் போனதும் திருப்பூருக்குப் போய்விட்டான். ஆகவே மேற்குப் பாதியை உண்ணாமலையும் கிழக்குப் பாதியைப் பரிமளாவும்தான் பார்த்துக்கொண்டார்கள்.

உண்ணாமலை எப்போதும் சின்ன வெங்காயம்தான் நடுவாள். இந்த வருஷம் விதை வெங்காயம்கூட எடுத்து வைத்திருந்தாள். சித்திரை கடைசியில் பரிமளா தட்டுத் தட்டாக அடுக்கிய நாற்றோடு வந்து நின்றாள்.

"கத்திரி நாத்துக்கா. நர்சரில சல்லிசா கெடச்சுது. எனக்கு எதுக்கு இவ்ளோ? நீங்க நட்டுக்குங்க. உங்க பக்கத்து மண்ணுக்கு அது பிச்சுக்கிட்டு வரும்."

நல்ல நாற்று. இனாமாக வந்தது. உண்ணாமலை வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுக் கத்திரி நட்டாள்.

அன்று காலை நோயுற்ற இலைகளைப் பறித்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினாள். பஸ் ஏறி வேளாண்மை ஆபீஸுக்குப் போனாள். அங்கே புவனேஸ்வரி என்ற உதவி அலுவலர் இருந்தாள். முப்பது வயதிருக்கும். பையைப் பிரிக்காமலே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"வெள்ளை ஈ. ரொம்ப ஏறிடுச்சேம்மா. பக்கத்துல என்ன பயிரு?"

"வெண்டைங்க. எங்க ஓரகத்தியோடது."

"வெண்டைல மஞ்ச நோய் இருக்கா?"

"ஒரு இலைல இல்லைங்க. அதாங்க எனக்குப் புரியல. அவ மருந்தே அடிக்கல."

புவனேஸ்வரி சிரித்தாள். "எப்படிம்மா வரும்? ஈயெல்லாம் உங்க கத்திரிலல்ல உக்காந்திருக்கு. இதுக்கு வெண்டையும் புடிக்கும், பருத்தியும் புடிக்கும். ஆனா கத்திரி இருந்தா மொதல்ல அதுலதான் இறங்கும். வெண்டைக்கு நாலு ஈ கடிச்சாப் போதும், நோய் பரவிடும். கத்திரிக்கு அந்த நோய் வராது, கொஞ்சம் ஈயத் தாங்கும். அதனாலதான் வெண்டையச் சுத்திக் கத்திரியப் பொறிப்பயிரா போடச் சொல்றோம். எலிக்கு வடை வெக்கிறோம்ல, அது மாதிரி."

புவனேஸ்வரி பையை மேஜைமேல் வைத்தாள்.

"ஓரகத்தி பேரு என்னம்மா?"

"பரிமளா."

"அட, அவங்களா! சித்திரைல பயிற்சிக்கு வந்தாங்களே. எல்லாரும் டீ குடிக்கப் போனப்புறமும் உக்காந்து ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டாங்க. ஆனா நான் அவங்க வயல் ஓரமா ரெண்டு வரிசை போடச் சொன்னேன். ஈ சேந்ததும் அங்கயே வெச்சுக் கொன்னுடணும். முழு வயலையும் பொறியா யாரும் போட மாட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுதான போட்டீங்க?"

உண்ணாமலை மேஜைமேல் இருந்த பையைப் பார்த்தாள். உள்ளே ஈக்கள் பிளாஸ்டிக்கில் மோதி மோதி விழுந்துகொண்டிருந்தன.

"இந்தக் கத்திரிய அறுத்துட்டா ஈ எங்கங்க போகும்?" என்று கேட்டாள்.

"பக்கத்துல எது பச்சையா இருக்கோ அங்க போகும். வெயில்ல கை வெச்சீங்கன்னா மொத்தமாக் கெளம்பி வெண்டைல இறங்கிடும். அதனால அவசரப்பட்டு அறுத்துடாதீங்க. வெள்ளன போங்க. ஈரத்துல அதுக்குப் பறக்க முடியாது. வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து இலைக்கு அடில படற மாதிரி அடிச்சு, அப்புறமா ரொம்பக் கெட்ட செடிகள மட்டும் சாக்குல மூடிப் புடுங்கி…"

உண்ணாமலை முதல் பாதியைத்தான் கேட்டாள். "சரிங்க, வரேங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். நாற்றுத் தட்டோடு பரிமளா சிரித்துக்கொண்டு நின்ற கோலம் கண்ணைவிட்டுப் போகவில்லை. அந்த வெண்டைக்காய்ப் பைகள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. குழம்பு வைத்தோம், பொரியல் செய்தோம், நன்றாக இருக்கிறது என்று அவளிடமே போய்ச் சொன்னோம்.

ஊரில் இறங்கியதும் புருஷனுக்குப் போன் போட்டாள். தர்மன் குவாரியில் லாரி வரிசையில் நின்றிருந்தார்.

"உங்க தம்பி பொண்டாட்டி நம்ம வயல எலிப்பொறியா வெச்சிருக்கா" என்றாள்.

"என்னடி சொல்ற?"

நடந்ததைச் சொன்னாள்.

"தெரியாமச் செஞ்சிருக்கும் உண்ணாமல."

"தெரிஞ்சுதான் செஞ்சிருக்கா. படிச்சுட்டு வந்து செஞ்சிருக்கா."

"சரி, ஞாயித்துக்கெழம வரேன். தம்பி ஊர்ல இல்லாத நேரம். நீ எதுவும் பேசிடாத."

"பேச மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். பொய் சொல்லவில்லை. அவளுக்குப் பேச எதுவும் இருக்கவில்லை. வீட்டுக்குள் போய் அருவாளை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தாள்.

உச்சி வெயில். மலைப்பக்கமிருந்து காற்று வீசியது. அது அவள் வயலைக் கடந்து, வரப்பைக் கடந்து, நேராக வெண்டைக்குள் போயிற்று. அதைக் கவனித்துவிட்டுத்தான் அவள் வயலின் மேற்குக் கோடிக்குப் போனாள். அங்கிருந்து அறுக்கத் தொடங்கினாள்.

ஒரு செடியைப் பிடித்து உலுக்கி, அடியில் வெட்டி, தரையில் அடித்துப் போட்டாள். ஈக்கள் குபீரென்று எழுந்தன. உட்கார அந்தச் செடி இல்லை. காற்று அவற்றைக் கிழக்கே தள்ளியது. அடுத்த செடி. அதற்கடுத்தது. முதல் வரிசை முடிவதற்குள் கத்திரிக் காட்டுக்கு மேலே ஒரு வெள்ளைப் படலம் நகர ஆரம்பித்துவிட்டது. மூக்கிலும் வாயிலும் ஈ ஏறியது. முந்தானையால் முகத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டாவது வரிசைக்கு வந்தாள்.

கிணற்று மோட்டார் கொட்டகையில் இருந்த பரிமளா அந்தப் படலத்தைப் பார்த்து, முதலில் யாரோ குப்பைக்குத் தீ வைக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். கரிந்த வாசனை வரவில்லை. வெளியே வந்து பார்த்தாள். அடுத்த நிமிஷம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா! அக்கா, என்ன பண்றீங்க? நிறுத்துங்க! ஐயோ, வெயில்ல அறுக்காதீங்க!"

உண்ணாமலை நிமிரவில்லை. "ஏன் அறுக்கக் கூடாது?"

"எல்லாம் இங்கிட்டு வருதுக்கா!"

"வரட்டும். எது எங்க போகும்னு ஒனக்கு நல்லாத் தெரியுமே. ஆபீஸ்ல உக்காந்து கத்துக்கிட்டவதான?"

பரிமளாவின் முகம் வெளுத்துவிட்டது. வரப்பின்மேல் அப்படியே நின்றாள். அவள் தோளிலும் தலையிலும் ஈக்கள் உட்காரத் தொடங்கின.

"யாருக்கா சொன்னது?"

"அந்த மேடம் ஒன்னப் பாராட்டிச் சொன்னாங்க. கேக்கக் கேக்க எனக்குக் குளுந்து போச்சு."

"அக்கா, நான்…"

"இனாமா நாத்து குடுத்தியேடி. எனக்கு வெங்காயம் நடத் தெரியாதுன்னா குடுத்த? எலிக்கு வெக்கிற வடையும் இனாமாத்தான் வெக்கிறாங்க." அருவாள் இன்னொரு தண்டை வெட்டியது. "இல்லன்னு சொல்லு பாப்போம். தெரியாமக் குடுத்தேன்னு சொல்லு."

பரிமளா இல்லை என்று சொல்லவில்லை. திரும்பி ஓடினாள். கொட்டகையில் கிடந்த மஞ்சள் தார்ப்பாயை இழுத்து வந்தாள். மோட்டாருக்குப் போடும் கிரீஸை இரண்டு கையாலும் அள்ளி அதன்மேல் பூசினாள். மஞ்சள் நிறத்துக்கு ஈ வரும், வந்தால் ஒட்டும் என்று அவள் அதே பயிற்சியில்தான் கேட்டிருந்தாள். பாயை வரப்பின்மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று அதைப் பிடுங்கியது. ஒரு முனையைக் காலால் மிதித்து, மறுமுனையைத் தலைக்கு மேலே இழுத்துப் பிடித்தாள். பாயில் ஈ படபடவென்று ஒட்டியது. பாய்க்கு இரண்டு பக்கமும், மேலேயும், ஒட்டியதைவிடப் பலமடங்கு கடந்து போயிற்று.

"தெரிஞ்சுதான் குடுத்தேன்!" என்று பாய்க்குப் பின்னாலிருந்து கத்தினாள். "போதுமா? தெரிஞ்சுதான் குடுத்தேன். கத்திரி தாங்கும்னு சொன்னாங்க. இவ்ளோ ஏறும்னு எனக்குத் தெரியாது. உங்க காடு வாடுறதப் பாக்கப் பாக்க எனக்குச் சோறு எறங்கல. ஆனா வாயத் தொறந்து சொல்ல முடியல."

"சொல்ல முடியல. காய் பறிக்க மட்டும் முடிஞ்சுதா?"

"போன வருஷம் என் காடு முச்சூடும் மஞ்சளாப் போச்சே, அப்ப நீங்க ஒரு வார்த்த கேட்டீங்களா? உங்க வெங்காயம் மூட்ட மூட்டயா லாரில ஏறுச்சு. நான் வரப்புல உக்காந்து அழுதுகிட்டிருந்தேன். என்னத் தாண்டித்தான் போனீங்க. அவரு திருப்பூருக்குக் கெளம்பினப்பகூட வூட்டுக்கு வந்து ஏன்னு கேக்கல!"

உண்ணாமலையின் கை ஒரு கணம் நின்றது. அது நடந்ததுதான். வரப்பில் பரிமளா உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், லாரிக்காரன் அவசரப்படுத்துகிறான் என்று அந்தப் பக்கம் திரும்பாமலே போனதும் அவளுக்கு நினைவிருந்தது.

"கேக்கல. அதுக்கு இதா? நான் ஒன் செடில நோயக் கொண்டாந்தா விட்டேன்?"

"இப்ப விடுறீங்களே!"

"ஆமாண்டி, விடுறேன்!"

மறுபடியும் வெட்டினாள். மூன்றாவது வரிசை. வேகம் கூடியிருந்தது. எது செடி, எது தன் விரல் என்று பார்க்காமல் வெட்டினாள். கட்டைவிரல் ஓரத்தில் அருவாள் கீறியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. பரிமளா பாயைப் பிடித்தபடியே அழுதாள். இரண்டு பேருமே ஈக்கூட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்போது வெண்டைக் காட்டுக்கும் அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ, யாரு அங்க? என்னா இது, புகையாட்டம் வந்து எறங்குது? மொளகாச் செடியெல்லாம் வெள்ள வெள்ளயா ஒக்காருதே!"

ஆண்டாயியின் குரல். பரிமளாவின் காட்டுக்குக் கிழக்கே ஒரு துண்டு நிலத்தை அவள் குத்தகைக்கு எடுத்திருந்தாள். பல வருஷம் அடுத்தவர் காட்டில் களை வெட்டி, நாற்று நட்டு, இந்த வருஷம்தான் தனக்கென்று மிளகாய் நட்டிருந்தாள். வெங்காயம் அறுக்கும் காலத்தில் உண்ணாமலைக்கு முதல் ஆளாக வந்து நிற்பவள்.

உண்ணாமலை தலைதூக்கிப் பார்த்தாள். காற்று அந்தப் படலத்தை வெண்டைக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போய் மிளகாய்க் காட்டில் இறக்கிக்கொண்டிருந்தது. ஆண்டாயி தலைத்துண்டை அவிழ்த்துச் செடிகளின்மேல் வீசி வீசி விரட்டினாள். ஒரு செடியில் விரட்டினால் அடுத்த செடியில் உட்கார்ந்தது.

மிளகாய்க்கும் இந்த ஈ இலைச்சுருட்டைக் கொண்டுவரும் என்பது உண்ணாமலைக்குத் தெரியும். அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"உண்ணாமலயா அது? கத்திரில என்னா பண்றீங்க?" என்று ஆண்டாயி மறுபடியும் கூப்பிட்டாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

உண்ணாமலை அருவாளைக் கீழே போட்டாள். அப்போதுதான் விரலில் இரத்தத்தைப் பார்த்தாள். வெட்டிய செடிகளின் நடுவே உட்கார்ந்துவிட்டாள். வயலில் பெரும்பகுதி இன்னும் நின்றுகொண்டிருந்தது. கைபடாத செடிகளில் ஈ அசையாமல் இருந்தது.

பரிமளா பாயை மடித்துப் போட்டுவிட்டு வரப்பிலிருந்து இறங்கினாள். இரண்டு செடி தூரத்தில் வந்து நின்றாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"பயிற்சில இதுக்கு மேடம் என்ன சொன்னாங்க?" என்று உண்ணாமலை கேட்டாள். "எங்கிட்டயும் வெள்ளன என்னமோ அடிக்கச் சொன்னாங்க. நான் காதுல வாங்கல."

பரிமளா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். வேப்பெண்ணெய், சோப்பு, இலையின் அடிப்பக்கம், ஈரம் காயுமுன்.

"சரி. எங்கிட்ட மருந்தடிக்கிற பம்பு ஒண்ணுதான் இருக்கு. ஒன்னுதையும் எடுத்துட்டு வா. மொதல்ல ஆண்டாயக்கா காடு. அப்பறம் ஒன் காடு. கடைசியா என்னுது."

"உங்களதுலதானக்கா அதிகம்?"

"என்னுதுல இருக்கறது எங்கயும் போகாது. போகாதுன்னு பாத்துதான நாத்து குடுத்த?"

பரிமளா தலையைக் குனிந்துகொண்டாள்.

மாலையில் உண்ணாமலை ஆண்டாயி வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடியே, கோபத்தில் வெயில் நேரத்தில் அறுத்துவிட்டதைச் சொன்னாள். எதனால் கோபம் என்று சொல்லவில்லை. ஆண்டாயி தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"குத்தக எடுத்த மொத வருஷம் உண்ணாமல" என்றாள். உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

அடுத்த நாள் கிழக்கு வெளுக்கும்போதே மூன்று பெண்களும் மிளகாய்க் காட்டில் இருந்தார்கள். இலைகள் நனைந்திருந்தன. உண்ணாமலையும் பரிமளாவும் பம்பை மாட்டிக்கொண்டு குனிந்து அடித்தார்கள். ஆண்டாயி முன்னால் போய்க் கிளைகளைப் பதமாகத் திருப்பிப் பிடித்தாள். புவனேஸ்வரி சொன்னது சரியாக இருந்தது. அந்த நேரத்தில் ஈக்கள் எழவில்லை. இருந்த இடத்திலேயே நனைந்து உதிர்ந்தன. வெயில் ஏறுவதற்குள் வெண்டையிலும் ஒரு பகுதி முடிந்தது. இப்படியே ஆடி முடியும்வரை விட்டு விட்டுச் செய்தார்கள். கத்திரியில் மிகவும் கெட்ட செடிகளைச் சாக்கால் மூடிப் பிடுங்கிக் குழியில் புதைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்த தர்மன் சண்டையை எதிர்பார்த்து வந்தவர். இருவரும் ஒரே குழியை வெட்டுவதைப் பார்த்துவிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் மண்வெட்டியைக் கையில் வாங்கினார்.

எல்லாம் தப்பவில்லை. வரப்பை ஒட்டியிருந்த வெண்டை வரிசைகளில் முதலில் ஓர் இலை நரம்பு மஞ்சளாயிற்று. பிறகு நாலைந்து செடி. பரிமளா அவற்றைத் தானே பிடுங்கினாள். கால்வாசிக் காடு போயிற்று. மீதியில் காய் இருந்தது. ஆண்டாயியின் மிளகாயில் மேற்கு மூலை சுருண்டுவிட்டது. அந்த மூலைக்கு ஈடாகத் தன் காட்டில் வெங்காயம் நட ஓர் இடத்தை உண்ணாமலை ஒதுக்கிக் கொடுத்தாள். ஆண்டாயி வாங்கிக்கொண்டாள். ஆனால் முன்புபோல் வாசலில் நின்று பேசிவிட்டுப் போவது குறைந்துபோயிற்று. உண்ணாமலையின் கத்திரி தேறவில்லை. சந்தைக்குப் போகும் அளவுக்கு ஒரு பறிப்புகூட வரவில்லை.

வெண்டைக்காய்ப் பை வருவது நின்றது. உண்ணாமலை வேண்டாம் என்று சொல்லவில்லை. பரிமளாவுக்கே கொண்டுவரக் கால் வரவில்லை.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தபின் அடுத்த போகத்துக்கு இருவரும் உழுதார்கள். ஒரு நாள் உண்ணாமலை வரப்பில் வந்து நின்றாள்.

"நீ என்ன போடப் போற?"

இந்தக் கேள்வியை அவள் இத்தனை வருஷத்தில் பரிமளாவிடம் கேட்டதில்லை. பரிமளா கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"வெண்டைதான்க்கா. இந்தத் தடவ என் பக்கத்துலயே சுத்தி ரெண்டு வரிசை கத்திரி போடறேன். ஈ விழுந்தா நானே அடிச்சுக்கறேன். நீங்க வெங்காயம் போடுங்க. வெள்ள ஈக்கு வெங்காயம் புடிக்காது."

"நெசமாவா?"

"நெசமாத்தான்க்கா."

உண்ணாமலை அவள் முகத்தைப் பார்த்தாள். "சரி" என்றாள். மறுநாள் காலை பஸ் ஏறி ஆபீஸுக்குப் போனாள். வெள்ளை ஈக்கு வெங்காயம் பிடிக்குமா என்று புவனேஸ்வரியிடமும் ஒரு தடவை கேட்டுக்கொண்டு வந்த பிறகுதான் விதை வெங்காயத்தைக் கொட்டிப் பரப்பினாள்.